சீனாவில் முதல் ஒரு வருடம்: எது எதோடு கட்டிக் கிடக்கிறது, எங்கே சிக்குகிறது

#1 மேகமலை

வேலைக்காகச் சீனா போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பதில்கள்தான் பத்து இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. முதல் ஒரு வருடத்தைப் பின்னோக்கிப் பார்த்து, எது எப்போது வரும், எங்கே சிக்கும் என்று ஒரே இடத்தில் எழுதி வைப்போம். தெரிந்தவர்கள் சேருங்கள், தவறிருந்தால் திருத்துங்கள்.

முதல் வருடத் தொந்தரவில் பெரும்பகுதி மொழியாலோ சாப்பாட்டாலோ வருவதில்லை என்பது என் முடிவு. பாஸ்போர்ட், போலீஸ் பதிவு, சிம், வங்கி, வீசாட் (அரட்டைக்கும் பணம் கட்டவும் எல்லோரும் வைத்திருக்கும் செயலி) ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வரிசை தப்பினால் மாதச் சம்பளம் வாங்குவதே சிக்கலாகிவிடும்.

கிளம்பும் முன்: 2023 நவம்பர் 7 முதல் சீனா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (தூதரகச் சான்றொப்பம் இல்லாமல் ஒரே முத்திரையோடு ஆவணங்களை ஏற்கும் ஏற்பாடு) இருக்கிறது. அதை வைத்து "அப்போஸ்டில் போதும் சார்" என்று சொல்லும் ஏஜென்ட்கள் உண்டு. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அந்த ஒப்பந்தம் நடைமுறையில் இல்லை. ஆகவே இந்தியப் பட்டச் சான்றிதழுக்குப் பழைய வழிதான்: மாநில அரசின் சான்றொப்பம், அடுத்து வெளியுறவுத் துறை, கடைசியில் சீனத் தூதரகம். போலீஸ் நன்னடத்தைச் சான்றும் இப்படியே போக வேண்டும். பணி அனுமதி அறிவிப்புக் கடிதம் வந்த பிறகுதான் இசட் விசா, அதாவது வேலை விசா.

வந்து இறங்கியபின்: இசட் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும். 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அதற்குள் ஹாங்காங் போய் வரலாம் என்று நினைக்காதீர்கள். எல்லையைத் தாண்டினால் விசா தீர்ந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹோட்டலில் தங்கினால் அவர்களே போலீசில் பதிவு செய்துவிடுவார்கள். வாடகை வீட்டுக்குப் போன 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி போலீஸ் நிலையத்தில், அதாவது பைச்சுசுவோவில், நாமே பதிய வேண்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் அடையாள அட்டையின் நகல், பல இடங்களில் வீட்டுப் பத்திர நகலும் கேட்பார்கள். கையில் தரும் அந்தச் சின்னத் தாள் இல்லாமல் வசிப்பு அனுமதி அலுவலகத்தில் வரிசையில்கூட நிற்க முடியாது. பதியாமல் விட்டால் 2000 யுவான் வரை அபராதம். வீடு மாறினால் மறுபடி 24 மணி நேரக் கணக்கு. புது வசிப்பு அனுமதி ஒட்டியபின், ஊருக்குப் போய்த் திரும்பியபின் மறுபதிவு வேண்டுமா என்பது நகரத்துக்கு நகரம் வேறுபடும். அந்த நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள். சில நகரங்களில் இதை ஆன்லைனிலேயே முடிக்கலாம்.

வசிப்பு அனுமதிக்குக் கொடுத்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், 15 வேலை நாள் வரை ஆகலாம். பதிலுக்குப் புகைப்படம் ஒட்டிய ரசீது ஒன்று தருவார்கள். உள்நாட்டில் ரயிலுக்கும் ஹோட்டலுக்கும் அது செல்லும். வங்கியில் பெரும்பாலும் செல்லாது. ஆகவே சிம்மையும் முடிந்தால் வங்கிக் கணக்கையும் பாஸ்போர்ட் கையை விட்டுப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள்.

#2 வடக்குவாசல்

மேகமலை அண்ணே, நல்ல தொடக்கம். தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலை விட்டுவிட்டீர்கள்: பெயர்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். சீனாவில் கவுண்டரில் இருப்பவர் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதைவிடப் பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி இயந்திர எழுத்தை நம்புவார். அதைப் படிக்கும் மென்பொருள் ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு.

ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். சர்நேம் சுப்ரமணியன், பெயர் முத்து கார்த்திக். வங்கி "சுப்ரமணியன் முத்து கார்த்திக்" என்று ஏற்றும். சிம் கடை இடைவெளி இல்லாமல் "முத்துகார்த்திக்சுப்ரமணியன்" என்று அடிக்கும். பணி அனுமதியில் பெயர் முன்னால், சர்நேம் பின்னால். வீசாட்டில் வங்கி அட்டையை இணைக்கும்போது பெயர், பாஸ்போர்ட் எண், வங்கியில் கொடுத்த கைபேசி எண் மூன்றும் வங்கிப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஓர் இடைவெளி கூடினாலும் "தகவல் பொருந்தவில்லை" என்று மட்டும் வரும். எது பொருந்தவில்லை என்று சொல்லாது.

செய்ய வேண்டியது: கணக்குத் திறக்கும்போது கையெழுத்துப் போடும் முன், திரையில் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அச்சிட்ட தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீசாட், அலிபே (இன்னொரு பணம் கட்டும் செயலி) இரண்டிலும் அதே வரிசை, அதே இடைவெளி, அதே பெரிய எழுத்து. விசாவிலும் பணி அனுமதியிலும் உள்ள வரிசையையே வங்கியும் போடும்படி கேட்டால் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள்; கணக்குத் திறந்தபின் கேட்டால் மறுபடி படிவம், மறுபடி டோக்கன். நீண்ட பெயரென்றால் கட்டத்தில் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

#3 மேகமலை

அருமை. இதோடு சேர்த்து ஒன்று. பாஸ்போர்ட் காலாவதிக்கு இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் ஊரிலேயே புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள். சீனாவில் இருக்கும்போது எண் மாறினால் வசிப்பு அனுமதி, பணி அனுமதி, வங்கி, சிம், வீசாட், அலிபே, ரயில் கணக்கு, வரிச் செயலி எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். வசிப்பு அனுமதியில் மாற்றத்தை 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், வங்கியில் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள்.

#4 புதுசு_பட்டாணி

அடுத்த மாதம் சுசோவ் வருகிறேன். இந்திய வங்கியின் விசா கார்டு அல்லது மாஸ்டர் கார்டை அலிபேயில் போட்டுக்கொண்டாலே எல்லாம் நடக்கும் என்கிறார்கள். வங்கிக் கணக்கு அவசியமா?

#5 கடற்காகம்

முதல் இரண்டு மூன்று வாரத்துக்குப் போதும் தம்பி. அதற்குமேல் போதாது.

வெளிநாட்டு அட்டையை அலிபே, வீசாட் இரண்டிலும் இணைக்கலாம். 2024-இல் உச்சவரம்பையும் கூட்டினார்கள்: ஒரு பரிவர்த்தனைக்கு 1000 டாலராக இருந்தது 5000, வருடத்துக்கு 10,000 ஆக இருந்தது 50,000. 200 யுவானுக்கு உட்பட்டதற்குக் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். காய்கறி, டாக்சி, சாப்பாட்டுக்கு இது தாராளம். வாடகைக்கு 3 சதவீதம் கொடுத்தால் கட்டுபடியாகாது.

முக்கியமான தடை வேறு. வெளிநாட்டு அட்டையை வைத்துத் தனிநபருக்குப் பணம் அனுப்புவது பெரும்பாலும் நடக்காது. வீட்டுக்காரருக்கு டெபாசிட், பழைய சைக்கிள் விற்பவர், அலுவலகத்தில் பங்கு போட்டுச் சாப்பிட்ட கணக்கு எல்லாமே தனிநபர் பரிமாற்றம்தான். தெருவோரக் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் தனிநபருடையது என்றால் அங்கேயும் மறுக்கலாம். அதனால் சீன வங்கி அட்டை வேண்டும்.

கிளம்பும் முன் உங்கள் வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். ரூபே அட்டையை நம்ப வேண்டாம்.

வீசாட் கணக்கையும் ஊரிலேயே தொடங்குங்கள். புதுக் கணக்கை ஏற்கெனவே வீசாட்டில் இருக்கும் ஒருவர் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்தச் சொல்லலாம். உறுதி செய்பவர் கணக்கு புதிதாக இருக்கக் கூடாது. வேலைக்கு எடுத்த நிறுவனத்தின் மனிதவளத் துறையில் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் முடிந்தது.

#6 வாகரைக்காற்று

இலங்கையிலிருந்து போறவைக்கும் இதே கதைதான், கடற்காகம் அண்ணை. ஊர்த் தொலைபேசி இலக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும்.

வங்கி ஓடிபி எல்லாம் ஊர் சிம்முக்குத்தான் வரும். ரோமிங்கைத் திறந்து, இலக்கம் செத்துப்போகாத அளவுக்கு ரீசார்ஜ் போட்டு வையுங்கோ. இரட்டை சிம் தொலைபேசி கட்டாயம். சீன சிம்மில் கூகுள், யூடியூப், வாட்சாப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஒன்றும் திறக்காது. ஊர் சிம்மின் ரோமிங் டேட்டாவில் இவை திறக்கும், ஏனென்றால் அந்த டேட்டா ஊர் நிறுவனத்தின் வழியாகச் சுற்றித்தான் வெளியே போகும். காசு கூட, ஆனால் அவசரத்துக்கு உதவும்.

விபிஎன் பற்றி எல்லாரும் கேட்பினம். அனுமதி பெறாத விபிஎன் சீன விதிகளுக்கு எதிரானது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கோ. 2017 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் சீன ஆப் ஸ்டோரிலிருந்து விபிஎன் செயலிகளை எடுத்துவிட்டது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரே திறக்காது. பல நிறுவனங்களிடம் அனுமதி பெற்ற தனி இணைப்பு இருக்கும், அலுவலக வேலைக்கு அது போதும். அம்மா அப்பாவோடு கதைக்க வீட்டில் ஒருவருக்கு வீசாட் போட்டுக் கொடுத்துவிட்டு வாறது எல்லாத்திலும் நிம்மதி.

#7 வடக்குவாசல்

வரைபடத்தையும் சேர்க்கிறேன். சீனாவில் வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற தனி ஆயத்தொலைவு முறையில் இருக்கின்றன. சாதாரண ஜிபிஎஸ் புள்ளியை அதில் அப்படியே வைத்தால் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். கூகுள் மேப் திறந்தாலும் இந்தத் தள்ளல் இருக்கும், கடைகளின் தகவலும் பழையது. காவ்த, அதாவது ஆமேப், நிறுவிக்கொள்ளுங்கள். ஐபோனின் சொந்த வரைபடமும் அங்கே சரியாக வேலை செய்யும். முகவரியைச் சீன எழுத்தில் ஒட்டித் தேடுவதே நிச்சயம்; வீட்டு முகவரி, அலுவலக முகவரி இரண்டையும் சீன எழுத்தில் கைபேசியில் சேமித்து வையுங்கள்.

#8 சேலத்துமாம்பழம்

வீடு பற்றி விரிவாக எழுதுகிறேன். இதில்தான் பணம் அதிகம் போகிறது.

வழக்கமான முறை ஒரு மாத டெபாசிட், மூன்று மாத வாடகை முன்பணம். மாதம் 5000 யுவான் வீடென்றால் சாவி வாங்கும் அன்று 20,000. தரகுக் கூலி நகரத்தைப் பொறுத்து அரை மாதம் முதல் ஒரு மாதம் வரை, ஆகக் கிட்டத்தட்ட 25,000 யுவான் முதல் சம்பளத்துக்கு முன்பே வேண்டும். சம்பள முன்பணம் கிடைக்குமா என்று நிறுவனத்திடம் ஊரிலிருந்தே கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி மூன்று மாத வாடகை ஒரே தவணையில் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள். வெளிநாட்டவரைப் போலீசில் பதிய வீட்டுக்காரர் ஒத்துழைப்பாரா? இல்லையென்றால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டாவது, பேசுகிறவர் சொந்தக்காரரா, வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விடுகிறவரா? பத்திரத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்வாடகைக்காரர் மூன்று மாத வாடகையை வாங்கிக்கொண்டு சொந்தக்காரருக்கு மாதா மாதம் கட்டுவார். அவர் காணாமல் போனால் சொந்தக்காரர் கதவைத் தட்டுவார், டெபாசிட்டும் போகும். மூன்றாவது, ஃபாபியாவ் தருவாரா? அது வரித்துறையின் அதிகாரபூர்வ ரசீது. நிறுவனம் வாடகைப் படி தருவதென்றால் இது இல்லாமல் நடக்காது. தரத் தயங்குபவர்கள் வரிச் செலவைச் சேர்த்து வாடகை கூட்டுவார்கள். பேரம் பேசும்போதே முடித்துவிடுங்கள்.

பழைய குடியிருப்புகளில் ஆறு மாடி வரை லிஃப்ட் இருக்காது. வாடகை குறைவு என்று ஆறாவது மாடி எடுத்தால் குடிநீர்க் கேனும் ஆறு மாடி ஏற வேண்டும் (குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது, கொதிக்க வைக்கலாம், இல்லையென்றால் சுமார் 19 லிட்டர் கேன்). தெற்குப் பார்த்த வீடாக எடுங்கள். குளிர்காலத்தில் வெயில் உள்ளே வருவது அந்தப் பக்கம் மட்டும்தான், துணி காய்வதும் அங்கேதான்.

குடிபோகும் அன்றே மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்று மீட்டரையும் போட்டோ எடுங்கள். மூன்றின் வாடிக்கையாளர் எண்ணையும் வாங்கி அலிபேயில் ஏற்றிவிட்டால் பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சுவர்க் கறை, உடைந்த கைப்பிடி, மெத்தையின் கிழிசல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வீசாட்டில் அனுப்புங்கள். டெபாசிட் திரும்பக் கேட்கும்போது அந்த வீடியோதான் பேசும்.

#9 கடற்காகம்

குளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? வடகோடியில் உள்ள ஹார்பினைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஷாங்காயைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அது தலைகீழ்.

சின்லிங் மலைத்தொடர், ஹுவாய் ஆறு என்ற கோட்டுக்கு வடக்கே நகரம் முழுக்க மைய வெப்ப அமைப்பு. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, ஹார்பினில் அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை. வெளியே மைனஸ் 20 என்றாலும் வீட்டுக்குள் சட்டையோடு உட்காரலாம். கோட்டுக்குத் தெற்கே ஷாங்காய், நான்ஜிங், சுசோவ், ஹாங்சோவ் நகரங்களில் பெரும்பாலான வீடுகளில் அது கிடையாது. ஜனவரியில் வெளியே 3 டிகிரி, ஈரக்காற்று, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. ஏசியின் வெப்பம் கூரையடியிலேயே நிற்கும், கால் உறையும். எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் ஒன்று, மின் போர்வை ஒன்று, ஜன்னல் இடுக்குக்கு ஒட்டும் பட்டை ஆகிய மூன்றையும் நவம்பரிலேயே தாவ்பா என்ற ஆன்லைன் கடையில் வாங்கிவிடுங்கள். பட்டாணி தம்பி, சுசோவுக்கு இது உங்களுக்கே.

#10 வடக்குவாசல்

வடக்கே இருப்பவர்களுக்குக் குளிரைவிட வறட்சிதான் பிரச்சினை. வெப்பம் வந்ததும் அறைக் காற்று காய்ந்துவிடும். தோல் வெடிப்பு, மூக்கில் ரத்தம், கதவுக் கைப்பிடியில் மின்னதிர்ச்சி. ஈரப்பதமூட்டி வாங்குவீர்கள். மீயொலி வகை என்றால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். பெய்ஜிங் தண்ணீர் கடினநீர். அதில் கரைந்திருக்கும் உப்பும் புகையோடு கிளம்பி, மேசை, லேப்டாப், கறுப்புத் துணி எல்லாவற்றின்மீதும் வெள்ளைப் பொடியாகப் படியும். பிஎம் 2.5 கருவி பக்கத்தில் இருந்தால் காற்று மாசு திடீரென்று ஏறியதாகக் காட்டும். காற்றுச் சுத்திகரிப்பானும் உச்ச வேகத்தில் ஓடும். சுத்திகரித்த கேன் தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது ஆவியாக்கும் வகை வாங்குங்கள். கெட்டிலில் படியும் சுண்ணாம்புக்கு எலுமிச்சை அமிலப் பொடி ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்க விட்டால் போதும்.

#11 வாகரைக்காற்று

தெற்கே குவாங்சோவில் வேற மாதிரி. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சில நாட்கள் சுவரும் தரையும் வியர்க்கும். ஹுவெய்நான்தியன் எண்டு சொல்லுவினம். குளிர்ந்து கிடக்கிற சுவரில் கடலிலிருந்து வாற வெப்பமான ஈரக்காற்று பட்டு நீராகுது. காற்றோட்டம் நல்லதெண்டு யன்னலைத் திறந்தால் இன்னும் கூடும். பூட்டி வைச்சு ஏசியை ஈரம் நீக்கும் நிலையில் விடுங்கோ. யாங்சி ஆற்றுப் பக்கம் ஜூன், ஜூலையில் வாற மழைக்காலத்திலும் தோல் செருப்பு, பெல்ட், புத்தகம் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும்.

#12 புதுசு_பட்டாணி

நன்றி அண்ணா, அக்கா எல்லோருக்கும். நான் சைவம். முட்டையும் இல்லை. சமாளிக்க முடியுமா?

#13 சேலத்துமாம்பழம்

முடியும். ஆனால் "வோ ச்சிர் சூ", நான் சைவம், என்று மட்டும் சொன்னால் போதாது. கண்ணுக்குத் தெரியும் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டாலே சைவம் என்று பல சமையல்காரர்கள் உண்மையாகவே நினைக்கிறார்கள். மறைவாக வருபவை நான்கு: பன்றிக் கொழுப்பு, கோழித் தூள், சிப்பிச் சாறு, எலும்பு வடிநீர். கீரை வதக்கலில்கூடப் பன்றிக் கொழுப்பு வரலாம். "பூ யாவ் ரோ, பூ யாவ் ஜூயோ, பூ யாவ் ஜிஜிங், பூ யாவ் ஹாவ்யோ" (இறைச்சி, பன்றிக் கொழுப்பு, கோழித் தூள், சிப்பிச் சாறு வேண்டாம்) என்பதோடு எலும்பு வடிநீர் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சீன எழுத்தில் ஒரு படமாக வைத்துக் காட்டுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடியவை: மாபோ தோஃபு (கொத்துக்கறி இருக்கும்), வறுத்த பீன்ஸ் (அதிலும் இருக்கும்), யூசியாங் கத்தரிக்காய் (மீன் கிடையாது, பன்றிக் கொத்துக்கறி பெரும்பாலும் உண்டு). லான்ஜோவ் நூடுல்சில் இறைச்சி வேண்டாம் என்றாலும் குழம்பே மாட்டெலும்பு வடிநீர். பச்சைப் பலகை வைத்த ஹலால் கடைகளில் பன்றி இருக்காது, மாடும் ஆடும் இருக்கும்.

கேட்டு வாங்கினால் சரியாக வருபவை: புளிப்புக் கார உருளைக்கிழங்குச் சீவல், வடகிழக்கின் கத்தரி-உருளை-குடைமிளகாய் வதக்கல், வெள்ளரிப் பச்சடி, பூண்டு போட்ட கீரை. பௌத்தச் சைவ உணவகங்களில் கவலையே இல்லை. வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

வீட்டுச் சமையலுக்குக் கொத்தமல்லி, பச்சை மிளகாய், இஞ்சி, தேங்காய் எங்கும் கிடைக்கும். துவரம் பருப்பு, உளுந்து, சாம்பார்ப் பொடிக்கு ஜெஜியாங்கின் ஈவூ, ஷாவ்சிங்கில் கேசியாவ் ஜவுளிச் சந்தைப் பகுதி, குவாங்சோ மூன்றிலும் இந்திய வியாபாரிகள் இருப்பதால் கடைகள் உண்டு; வீசாட்டில் சொன்னால் கூரியரில் வரும். கறிவேப்பிலையைத் தாவ்பாவில் செடியாகவே விற்கிறார்கள். ஷாங்காய்ப் பக்கத்துக் குளிரில் மாவு இரண்டு நாள் ஆனாலும் பொங்காது. தயிர் செய்யும் வசதியுள்ள மின் குக்கரில் வைத்தால் ஒரே இரவில் பொங்கிவிடும். மாவு இரு மடங்காகும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்ற வேண்டாம்.

#14 கணக்குப்பிள்ளை

வரி பற்றி. வருட முடிவில் "கம்பெனி சம்பளத்தைக் குறைத்துவிட்டது" என்று புலம்பல் வரும். பெரும்பாலும் குறைக்கவில்லை. 2019 முதல் வருமான வரியை ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலிருந்தும் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பிடிக்கிறார்கள்.

மாதம் 20,000 யுவான் என்று வைப்போம். சமூகக் காப்பீட்டுப் பிடித்தத்தை எளிமைக்காக விட்டுவிடுகிறேன். மாதக் கழிவு 5000 போக 15,000. ஜனவரியில் 3 சதவீதம், 450 யுவான். சேர்ந்த தொகை 36,000-ஐத் தாண்டியதும் மிகுதிக்கு 10 சதவீதம், ஏப்ரலில் 1500. 144,000-ஐத் தாண்டியதும் 20 சதவீதம். நவம்பர், டிசம்பரில் 3000. ஜனவரியில் கையில் வந்ததைவிட டிசம்பரில் 2550 குறைவு. அதை முன்கூட்டியே தெரிந்து செலவு போடுங்கள்.

ஆண்டின் பிற்பாதியில் வந்து அந்தக் காலண்டர் ஆண்டில் 183 நாள் தங்காதவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை; மாதாமாதம் தனியாக, இதே சம்பளத்துக்கு 1590. அடுத்த ஜனவரியில் திடீரென்று 450 ஆனால் பிழை என்று பயப்பட வேண்டாம்.

வாடகை, குழந்தை படிப்பு, மொழிப் பயிற்சிக்கு நிறுவனம் தரும் படிகளுக்கு வெளிநாட்டவருக்குள்ள வரிவிலக்கு 2027 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மாம்பழம் சொன்ன ஃபாபியாவ் இங்கேதான் பணமாகிறது. ஆண்டுக் கணக்கை மார்ச் 1 முதல் ஜூன் 30-க்குள் வரிச் செயலியில் முடிக்க வேண்டும்.

ஊருக்குப் பணம் அனுப்ப வங்கி கேட்பது: பாஸ்போர்ட், பணி அனுமதி, வேலை ஒப்பந்தம், வரி கட்டிய பதிவு. வரி கட்டிய வருமானம் வரை அனுப்பலாம். வரிப் பதிவை அதே செயலியில் முத்திரையோடு இறக்கலாம். அதிலுள்ள பெயர் வங்கிப் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். வடக்குவாசல் எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

#15 மேகமலை

ரயிலும் விடுமுறையும் சுருக்கமாக. சீன ரயில்வேயின் 12306 செயலியில் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்தபின் 15 நாள் முன்பிருந்து டிக்கெட். பாஸ்போர்ட்தான் டிக்கெட், தானியங்கி வாயில் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போங்கள். பல நிலையங்களில் கிளம்ப 5 நிமிடம் முன்பே வாயில் மூடிவிடும். ரத்துக் கட்டணம், ரயில் கிளம்ப எட்டு நாளுக்கு மேல் இருந்தால் இல்லை, 48 மணி நேரம் வரை 5 சதவீதம், 24 வரை 10, அதற்குள் 20.

பெரிய விடுமுறைகளுக்கு ஈடாக முன்பின் வரும் சனி அல்லது ஞாயிறு வேலை நாளாகும். அரசு வெளியிடும் நாள்காட்டியைப் பார்க்காமல் விமான டிக்கெட் போடாதீர்கள். வசந்தப் பண்டிகை (சீனப் புத்தாண்டு) வாரத்தில் கூரியரும் சிறு கடைகளும் நிற்கும், மளிகையை முன்பே வாங்கி வையுங்கள். 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானத்தில் 3சி முத்திரை (சீனாவின் கட்டாயத் தரச்சான்று) இல்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்ததில் அது பெரும்பாலும் இருக்காது.

#16 புதுசு_பட்டாணி

கடைசியாக ஒன்று. ஒப்பந்தம் ஒரு வருடம். நடுவில் அல்லது முடிவில் நிறுவனம் மாறுவதென்றால்?

#17 கணக்குப்பிள்ளை

இரண்டு தாள் வேண்டும்: வேலையிலிருந்து விடுவித்த கடிதம், பணி அனுமதியை ரத்து செய்த சான்று. இவை இல்லாமல் புது நிறுவனத்தால் எதுவும் செய்ய முடியாது. தகுதிகாண் காலத்தில் 3 நாள், அதற்குப் பிறகு 30 நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது. கையில் வசிப்பு அனுமதியில் தேதி பாக்கி இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அது பழைய வேலையோடு கட்டியது. வெளியேற்ற-நுழைவு அலுவலகத்தில் தற்காலிகத் தங்கல் அனுமதி, பெரும்பாலும் 30 நாள், கேட்டு வாங்குங்கள். காலம் கடந்து தங்கினால் நாளுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000, காவலிலும் வைக்கலாம்.

நாட்டைவிட்டே கிளம்புவதென்றால் ஓய்வூதியத்துக்கு உங்கள் சம்பளத்தில் பிடித்த 8 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கும், விண்ணப்பித்தால் திரும்பத் தருவார்கள். நிறுவனம் கட்டிய பங்கு வராது. சீனப் போலீஸ் நன்னடத்தைச் சான்றையும் அங்கே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அடுத்த நாட்டு விசாவுக்குக் கேட்பார்கள், வெளியிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

#18 கடற்காகம்

சிம்மை ரத்து செய்வதைக் கடைசியில் வையுங்கள். டெபாசிட், கடைசிச் சம்பளம், ஓய்வூதியப் பணம் எல்லாம் வந்து சேர்ந்தபின் வீசாட், அலிபே இரண்டின் எண்ணையும் ஊர் எண்ணுக்கு மாற்றுங்கள். ரத்தான எண் கொஞ்ச நாளில் வேறொருவர் கைக்குப் போகும். அவருக்கு உங்கள் உள்நுழைவுக் குறியீடு போய்க்கொண்டிருக்கும். வீசாட் அரட்டைகள் கைபேசியில் மட்டுமே இருக்கின்றன, நிறுவனத்தின் சர்வரில் இல்லை. வீட்டுக்காரருக்கு அனுப்பிய அந்த வீடியோவும் அதில்தான். புதுக் கைபேசிக்கு மாறினால் இரண்டையும் ஒரே வைஃபையில் வைத்து அமைப்பில் உள்ள அரட்டை இடமாற்றத்தை ஓடவிட்டு, முடிந்ததைத் திறந்து பார்த்தபின் பழைய கைபேசியை அழியுங்கள்.